மாடிக்கு வைஃபை எட்டவில்லை: ஆறு ஆன்டெனா ரூட்டரா, இருபது மீட்டர் ஒயரா?

ஜூன் 3, இரவு 9.50 / கேள்வி

திருநெல்வேலி. தனி வீடு. கீழே ஹால், ரெண்டு ரூம், சமையலறை. மேலே ஒரு ஹால், பின்பக்கம் ஒரு ரூம். ஃபைபர் பெட்டி கீழ் ஹாலில் டிவிக்குப் பின்னாடி இருக்கு, வைஃபையும் அதுலயே. 200 எம்பிபிஎஸ் பிளான். கீழே பிரச்சினை இல்லை. மேல் ஹாலில் வீடியோ கால் விட்டு விட்டு வருது, பின் ரூமில் சுத்தமா இல்லை. சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்புற ரிப்பீட்டர் ஒண்ணு வாங்கிப் பின் ரூமில் மாட்டினேன். போனில் கோடு முழுசா காட்டுது, ஆனா ஒரு பக்கம்கூடத் திறக்கல. கடையில் ஆறு ஆன்டெனா ரூட்டர் காட்டி ‘மூணு மாடிக்கு அடிக்கும்’ங்கிறாங்க. வாங்கலாமா?

ஜூன் 3, இரவு 10.30 / பதில்

வாங்க வேண்டாம். ஆன்டெனா எத்தனை இருந்தாலும் காங்கிரீட் தளம் அதே தளம்தான்.

வைஃபை இருவழிப் பேச்சு. ரூட்டர் பேசுவது போனுக்குக் கேட்டால் மட்டும் போதாது, போன் பேசுவதும் ரூட்டருக்குக் கேட்க வேண்டும். வைஃபைக்கு 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசை. 2.4இல் ஆன்டெனா பலத்தையும் சேர்த்து 4 வாட் வரை இந்திய விதி அனுமதிக்கிறது. போன் அனுப்புவதோ பெரும்பாலும் 30 மில்லிவாட் பக்கம்தான். ரூட்டரின் குரலை எவ்வளவு கூட்டினாலும் போனின் குரல் கூடாது. கோடு நிறையக் காட்டும், பக்கம் திறக்காது.

ரிப்பீட்டர் கதை வேறு. போனில் தெரியும் கோடு போனுக்கும் ரிப்பீட்டருக்கும் இடையிலானது. ரிப்பீட்டருக்கே கீழிருந்து சிக்னல் வராத இடத்தில் அதை மாட்டியிருக்கிறீர்கள். வற்றின கிணற்றில் மோட்டார் இறக்கின மாதிரி.

மாடிக்கு ஒரு கேட்-6 நெட் ஒயர் இழுத்து, அதன் முனையில் இன்னொரு வைஃபை பெட்டி வைப்பதுதான் நிலையான வழி. அதற்கு முன் அளந்து பாருங்கள்.

ஜூன் 4, காலை 7.15 / அளப்பது எப்படி

ஆண்ட்ராய்டு போன் என்றால் ‘வைஃபை அனலைசர்’ வகை ஆப் ஏதாவது ஒன்று. ஐபோனில் ஏர்போர்ட் யூட்டிலிட்டி ஆப் போட்டு, செட்டிங்ஸில் அதற்குள் போய் வைஃபை ஸ்கேனரை ஆன் செய்ய வேண்டும். கோடுகளைப் பார்க்காதீர்கள், சிக்னல் பலத்தைச் சொல்லும் டிபிஎம் எண்ணைப் பாருங்கள். எல்லாம் மைனஸில் இருக்கும், பூஜ்யத்துக்கு எவ்வளவு கிட்ட இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

−50 பக்கம்: அருமை. −67 வரை: வீடியோ கால் தடங்கலின்றி ஓடும். −75: பக்கம் திறக்கும், கால் திணறும். −80க்குக் கீழே: பெயர் மட்டும் தெரியும். 3 டிபி குறைந்தால் சக்தி பாதி, 10 குறைந்தால் பத்தில் ஒன்று. அதனால் −60க்கும் −70க்கும் உள்ள வித்தியாசத்தைச் சின்னதாக நினைக்கக் கூடாது.

போனை இடுப்பு உயரத்தில் பிடித்து நாலு திசையிலும் திரும்பி நின்று நாலு எண் எடுங்கள். உங்கள் உடம்பே சில டிபி தின்னும். 2.4, 5 இரண்டையும் தனித்தனியாகக் குறியுங்கள்.

இன்னொரு அளவும் தேவை. கீழ் ஹாலில் பெட்டியிலிருந்து 3 மீட்டர் தள்ளி நேரே தெரிகிற மாதிரி நின்று ஒன்று, மாடியில் பெட்டிக்கு நேர் மேலே நின்று ஒன்று. இரண்டிலும் தூரம் ஏறக்குறைய சமம் என்பதால், வித்தியாசம்தான் உங்கள் வீட்டுத் தளம் தின்னும் அளவு.

ஜூன் 4, இரவு 8.40 / கேள்வி கேட்டவர்

அளந்துட்டேன் அண்ணாச்சி. முதல் எண் 2.4, ரெண்டாவது 5.
கீழ் ஹால், 3 மீட்டர்: −42, −47
சமையலறை: −63, −70
மேல் ஹால், நேர் மேலே: −60, −72
மேல் பின் ரூம்: −79, 5 கண்ணுக்கே வரல

ஜூன் 4, இரவு 9.20

தளம் 2.4இல் 18 டிபி, 5இல் 25 டிபி தின்கிறது. நம் ஊர் ஐந்து அங்குலத் தளத்துக்கு இது வழக்கமான அளவே. 25 டிபி என்றால் முந்நூறில் ஒரு பங்குதான் மேலே வருகிறது.

பின் ரூம் ஏன் இவ்வளவு மோசம் என்றால், அலை அங்கே சாய்வாகப் போகிறது. நேராகப் போவதைவிடச் சாய்வாகப் போகும்போது தளம் அலைக்கு இன்னும் தடிப்பு. அதற்கு மேல் ஒரு சுவர் வேறு.

கீழே காசில்லாத வேலை ஒன்று இருக்கிறது. பெட்டியை டிவிக்குப் பின்னாலிருந்து வெளியே எடுங்கள். டிவியின் பின்பக்கத்தில் பெரிய உலோகத் தகடு உண்டு. ஐந்தடி உயரத்தில், சமையலறைப் பக்கம் பார்த்த சுவரில் மாட்டினால் சமையலறை எண் ஏறும். பீரோ, பிரிட்ஜ், நிலைக்கண்ணாடி, மீன் தொட்டி இவற்றுக்குப் பின்னால் வேண்டாம். கண்ணாடியின் பின்பூச்சு உலோகம், தண்ணீர் அலையைக் குடிக்கும்.

பெட்டியை நகர்த்தும்போது ஃபைபர் ஒயரை மடிக்காதீர்கள், சுருட்டினால் ஒரு டம்ளர் வாயளவு வட்டத்துக்குக் குறையக் கூடாது. பச்சைத் தலையைக் கழற்றி முனையைக் கண்ணால் பார்க்கவே கூடாது, அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது. எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒயர் எங்கோ மடங்கியிருக்கிறது அல்லது அறுந்திருக்கிறது. பிரவுசரில் திறக்கும் பெட்டியின் செட்டிங் பக்கத்தில் ‘ஆப்டிக்கல் பவர்’, அதாவது ஃபைபரில் வரும் ஒளியின் பலம், பார்க்கலாம். −8க்கும் −27க்கும் நடுவே இருக்க வேண்டும், −25ஐத் தாண்டினால் நெட்காரரைக் கூப்பிடுவது நல்லது.

ஜூன் 5, காலை 10.05 / வேறொருவர்

தளத்தில் கட்டியிருக்கும் கம்பி வலைதான் தடுக்கிறது. கம்பி இல்லாத பழைய கட்டை குத்தின மச்சில் பிரச்சினையே வராது.

ஜூன் 5, மதியம் 1.30

பாதிதான் சரி. தளத்துக் கம்பிகளின் இடைவெளி பொதுவாக 6 அங்குலம், அதாவது 15 சென்டிமீட்டர். 2.4இன் அலைநீளம் 12.5 சென்டிமீட்டர், 5இன் அலைநீளம் 6க்குள். இடைவெளி அலையைவிடப் பெரிது என்பதால் கம்பி வலை கொஞ்சம் சிதறடிக்கும், முழுசாக அடைக்காது. தின்பது பெரும்பாலும் காங்கிரீட்டும் அதனுள் இருக்கும் ஈரமும்தான். புதுத் தளம் பழையதைவிட அதிகம் தின்பதும் அதனால்தான். கம்பிதான் காரணம் என்றால் 5 இன்னும் சுலபமாகப் புகுந்து வந்திருக்க வேண்டும். மேலே உள்ள அளவு நேர்மாறாக இருக்கிறது.

கொசுவலை ஜன்னல் வேறு விஷயம். இரும்பு அல்லது அலுமினிய வலையின் கண் ஒன்றிரண்டு மில்லிமீட்டர். அது உண்மையிலேயே அடைக்கும். ஜன்னல் வழியே போர்ட்டிகோவுக்கு சிக்னல் போகும் என்று நம்பியிருப்பவர்கள் கவனிக்கவும்.

ஜூன் 5, இரவு 9.00 / கேள்வி கேட்டவர்

ஒயர் இழுக்கச் சுவரை உடைக்கணுமா? பவர்லைன் அடாப்டர்னு ஒண்ணு கரண்ட் ஒயர்லயே நெட் கொண்டுபோகுமாமே?

ஜூன் 6, காலை 6.50 / வயரிங் வேலை செய்பவர்

தம்பி, உங்க வீட்ல த்ரீ பேஸா பாருங்க. நம்ம பக்கம் கீழ் ஹால் ஒரு பேஸ், மாடி ஒரு பேஸ்னு பிரிச்சுத்தான் போடுவோம். இன்வெர்ட்டர் லைன் அது தனி. பவர்லைன் அடாப்டர் ரெண்டும் ஒரே பேஸ்ல இருந்தாத்தான் ஒழுங்காப் பேசும். ஸ்பைக் பஸ்டர்ல சொருகினா அதுவும் போச்சு.

சுவரை உடைக்க வேண்டாம். டிவிக்குப் பின்னாடி மொட்டை மாடி டிஷ்ஷுக்குப் போற முக்கால் இஞ்ச் பைப் இருக்கும், மேல் ஹாலில் அதுக்கு ஒரு பெட்டியும் விட்டிருப்பாங்க. டிஷ் இப்ப ஓடலைன்னா அந்தப் பழைய ஒயரையே இழுவைக் கயிறா வச்சுக்கோங்க. அதோட வாலில் புது ஒயரையும் ஒரு நைலான் கயிறையும் சேர்த்துக் கட்டி மேலேருந்து இழுக்கணும். கீழே ஒருத்தர் ஒயரை ஊட்டிவிடணும், ரெண்டு பேர் வேலை. முடிச்சு குண்டா இருக்கக் கூடாது, கம்பிகளை ஏணிப்படி மாதிரி முன்ன பின்ன வெட்டி டேப் சுத்தி கூம்பாக்குங்க. சிக்கினா முகப்பவுடர் போடுங்க, எண்ணெய் வேண்டாம். ஒயர் முனையில வர்ற பிளாஸ்டிக் தலையை முதல்லயே அடிச்சிடாதீங்க, பைப்ல போகாது.

ஜூன் 6, மாலை 5.20 / சாமான் பட்டியல்

மேலே சொன்ன வழி கிடைத்தால் அதைவிட நல்ல வழி இல்லை. நைலான் கயிறு பைப்பிலேயே கிடக்கட்டும், அடுத்த ஒயருக்கு உதவும்.

நீளம்: கீழ்ப் பெட்டியிலிருந்து பைப் வாய் 2 மீட்டர், ஏற்றம் 3 மீட்டர், மேலே பெட்டி மாட்டும் இடம் வரை 10 மீட்டர் என்றால் 15. இரு முனையிலும் ஒவ்வொரு மீட்டர் மிச்சம் விட வேண்டும். 20 மீட்டர் வாங்குங்கள். கேட்-6 ஒயர் 100 மீட்டர் வரை கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) தாங்கும், வீட்டுக்குள் நீளம் பிரச்சினையே இல்லை.

முக்கியம் உள்ளே இருக்கும் உலோகம். ‘சிசிஏ’ என்று சின்ன எழுத்தில் இருந்தால் அது செம்புப் பூச்சு பூசிய அலுமினியம். மடக்கினால் ஒடியும், தலை அடித்த இடத்தில் நாளடைவில் தொடர்பு தளரும். கத்தியால் கம்பியைச் சுரண்டுங்கள், வெள்ளை தெரிந்தால் அலுமினியம். முழுச் சுருள் 305 மீட்டர் வாங்குபவர்கள் மல்டிமீட்டர் வைத்து ஒரு கம்பியின் தடையைப் பார்க்கலாம். 23 கேஜ் (கம்பியின் தடிமன் எண்) சுத்தச் செம்பு 20 ஓம் பக்கம் காட்டும், 24 கேஜ் 26 பக்கம். சிசிஏ ஏறக்குறைய ஒன்றரை மடங்கு.

தலை அடிக்கும் வரிசை 568-பி. கிளிப் கீழே, பித்தளை முனைகள் மேலே பார்த்தபடி இடமிருந்து: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். இரு முனையும் ஒரே மாதிரி. இரண்டிரண்டாக முறுக்கி வரும் கம்பிகளில் பச்சை ஜோடி நீலத்துக்கு இருபுறமும் பிரிந்து நிற்பதைக் கவனியுங்கள். ‘ஜோடியை ஜோடியாகவே வைத்தேன்’ என்று பச்சை இரண்டையும் பக்கத்தில் வைத்தால், இரு முனையும் ஒத்துப்போகிற வரை விளக்கு டெஸ்டர் எல்லாம் சரி என்றுதான் சொல்லும், வேகம் மட்டும் ஏறி இறங்கும். விளக்கு டெஸ்டருக்குத் தொடர்பு இருக்கிறதா என்பதுதான் தெரியும், முறுக்கு எந்த ஜோடியில் என்பது தெரியாது. முறுக்கைப் பிரிப்பது அரை அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது.

மேல் பெட்டி: இரட்டை அலைவரிசை, லேன் போர்ட் (வீட்டு ஒயர் சொருகும் துளை) கிகாபிட், ‘அக்சஸ் பாயின்ட் மோட்’ (ரூட்டர் வேலையை விட்டு வைஃபை மட்டும் கொடுக்கும் நிலை) உள்ளது. இந்த மூன்றும் போதும். அட்டைப்பெட்டியில் 1200 என்று பெரிதாகப் போட்டு, போர்ட்டை 100இல் வைத்து விற்கும் மாடல்கள் நிறைய. 2.4இன் 300, 5இன் 867 இரண்டையும் கூட்டி எழுதிய எண் அது. ஒரு போன் ஒரு நேரத்தில் ஒன்றில்தான் பேசும்.

ஜூன் 7, காலை 8.00 / ஆன்டெனா பற்றித் திருத்தம்

முதல் நாள் ஆன்டெனா எண்ணிக்கையால் பயனே இல்லை என்ற தொனியில் எழுதியது முழுக்கச் சரியில்லை. நாலு ஆன்டெனாவும் உண்மையில் தனித்தனி ரேடியோவோடு இணைந்திருந்தால், ரூட்டர் நாலு காதாலும் கேட்டுச் சேர்த்துக்கொள்ளும். இரண்டிலிருந்து நாலாக்கினால் போனின் குரல் 3 டிபி வரை தெளிவாகும். அந்த வரவு உண்மை. ஆனால் தளம் தின்பது 25.

குச்சி ஆன்டெனாவை நேராக நிறுத்தினால் அலை பக்கவாட்டில்தான் பரவும், குச்சியின் நுனி பார்க்கும் திசையில் மிகக் குறைவு. மாடிக்கும் கொஞ்சம் போகட்டும் என்பவர்கள் ஒன்றைப் படுக்கப் போடலாம்.

ஜூன் 11, இரவு 9.30 / மேல் பெட்டியைச் செட் செய்வது

கீழ்ப் பெட்டியின் முகவரி 192.168.1.1 என்று வைத்துக்கொள்கிறேன். மேல் பெட்டியைக் கீழே இணைக்காமல், தனியாக லேப்டாப்போடு மட்டும் இணைத்து உள்ளே போங்கள். அக்சஸ் பாயின்ட் மோட் இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட், அவ்வளவுதான்.

அந்த மோட் இல்லாத பழைய ரூட்டரையும் பயன்படுத்தலாம். லேன் முகவரியை 192.168.1.2 ஆக்குங்கள். போன்களுக்கு முகவரி கொடுக்கும் டிஎச்சிபியை ஆஃப் செய்யுங்கள். மாடி ஒயரை அதன் வேன் போர்ட்டில் (வெளி நெட் உள்ளே வரும் துளை) சொருகாமல் லேன் போர்ட்டில் சொருகுங்கள். கீழ்ப் பெட்டியில் டிஎச்சிபி வரிசையை .10இல் தொடங்கும்படி மாற்றுங்கள், இல்லாவிட்டால் .2ஐ ஏதாவது போனுக்குக் கொடுத்துவிடும்.

இதில் தப்பு நடந்தால் எப்படித் தெரியும்? வேன் போர்ட்டில் சொருகி, மேல் பெட்டி ரூட்டராகவே ஓடினால் நெட் வரும், ஆனால் மாடி போனிலிருந்து கீழே உள்ள பிரிண்டரும் டிவியும் கண்ணில் படாது. டிஎச்சிபியை ஆஃப் செய்ய மறந்தால், சில போனுக்கு வரும், சிலதுக்கு ‘இணைந்தது, இன்டர்நெட் இல்லை’ என்று காட்டும், யாருக்கு என்று கணிக்கவே முடியாது. ஒயரும் போட்டு, பழைய ரிப்பீட்டர் வைஃபையும் விட்டு, இரண்டையும் ஒன்றோடொன்று இணைத்துவிட்டால் வளையம். எல்லாப் போர்ட் விளக்கும் ஒரே தாளத்தில் படபடக்கும், வீடு முழுக்க நெட் படுத்துவிடும். ஒயர் ஒன்றைப் பிடுங்கினால் சில நொடியில் எழும்.

வைஃபை பெயர், பாஸ்வேர்ட், பாதுகாப்பு வகை மூன்றும் இரண்டு பெட்டியிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும்.

ஜூன் 14, மாலை 6.10 / கேள்வி கேட்டவர்

டிஷ் பைப்பிலேயே ஒயர் ஏறிடுச்சு, எலக்ட்ரீஷியன் அண்ணனுக்கு நன்றி. பின் ரூமில் 5 இப்ப −58! ஆனா ஸ்பீட் டெஸ்ட் எத்தனை தடவை போட்டாலும் 94க்கு மேல ஏறல. கீழே 196 வருது.

ஜூன் 14, மாலை 6.25

94 என்றால் இணைப்பு 100இல் நிற்கிறது. 100க்கு 1, 2, 3, 6 கம்பிகள் போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். 4, 5, 7, 8இல் ஒன்று தொடவில்லை என்றால் பெட்டிகள் தாமாகவே 100க்கு இறங்கிவிடும்.

தலையைக் குறை சொல்வதற்கு முன் கீழ்ப் பெட்டியின் போர்ட்டைப் பாருங்கள். நாலு போர்ட்டில் ஒன்று மட்டும் கிகாபிட்டாக உள்ள ஃபைபர் பெட்டிகள் உண்டு. போர்ட் அருகே ‘ஜிஇ’ என்று இருந்தால் கிகாபிட், ‘எஃப்இ’ என்றால் 100.

ஜூன் 14, இரவு 9.15 / கேள்வி கேட்டவர்

ஜிஇ போர்ட்தான். மேல் தலையை வெளிச்சத்தில் பார்த்தேன், பிரவுன் கம்பி நுனி வரைக்கும் போகவே இல்லை. வெட்டிட்டு மறுபடி அடிச்சேன். 195.

ஜூன் 15, காலை 7.00

அதற்காகத்தான் முனையில் ஒரு மீட்டர் மிச்சம். கிரிம்ப் செய்யும் முன் எட்டு கம்பியின் நுனியும் தலையின் முன் கண்ணாடிச் சுவரை முட்டுகிறதா என்று பார்க்க வேண்டும், வெளித்தோல் உள்ளே கவ்வப்பட்டிருக்க வேண்டும்.

ஜூன் 18, இரவு 10.00 / கேள்வி கேட்டவர்

மாடி ஏறினப்புறமும் போன் கீழ்ப் பெட்டியையே பிடிச்சுக்கிட்டு இருக்கு. வைஃபையை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினாத்தான் மேல் பெட்டிக்கு மாறுது.

ஜூன் 19, காலை 6.40 / மாறும் முடிவு போனுடையது

எந்தப் பெட்டியில் இருப்பது என்று ரூட்டர் தீர்மானிப்பதில்லை, போன்தான். ஐபோன் −70க்குக் கீழே இறங்கினால்தான் வேறு பெட்டி தேட ஆரம்பிக்கும். மேல் ஹாலில் கீழ்ப் பெட்டியின் 2.4 −60இல் கிடைக்கிறது. போனின் கணக்கில் அது நல்ல சிக்னல், ஏன் விட வேண்டும்?

கீழ்ப் பெட்டியில் 2.4இன் ‘டிரான்ஸ்மிட் பவர்’ஐ லோ ஆக்குங்கள். 5ஐத் தொட வேண்டாம், தளமே அதைப் பார்த்துக்கொள்ளும்.

போன் பெட்டி மாற உதவும் வசதிகள் 802.11 கே, வி, ஆர். கே, வி இரண்டும் பெட்டிகளில் இருந்தால் ஆன் செய்யுங்கள், பக்கத்துப் பெட்டி எது என்று போனுக்குச் சொல்லி உதவும். ஆர் மாறும் நேரத்தைக் குறைக்கும், ஆனால் சில பழைய பிரிண்டரும் பல்பும் அதைக் கண்டால் இணையவே மறுக்கும். இரண்டு பெட்டியும் வேறு வேறு கம்பெனி என்றால் ஆர் வேலை செய்யாது, ஆஃபிலேயே விடுங்கள்.

ஜூன் 19, இரவு 8.30 / கேள்வி கேட்டவர்

மாடியில் சரியாயிடுச்சு. ஆனா சமையலறையில் அம்மா போன் இப்ப திணறுது. அங்க −74.

ஜூன் 19, இரவு 8.50

என் தப்பு. சமையலறை −63இல் இருந்ததை மறந்து லோ என்று எழுதிவிட்டேன். மீடியம் வையுங்கள். பெட்டி இன்னும் டிவிக்குப் பின்னாலேயே இருக்கிறதா?

ஜூன் 20, மதியம் 12.15 / கேள்வி கேட்டவர்

ஆமா அண்ணாச்சி, இப்பத்தான் சுவருக்கு மாத்தினேன். மீடியம் வச்சு சமையலறை −61, 5கூட −64. மாடியிலும் போன் தானா மாறுது.

ஜூன் 21, காலை 7.30 / சேனல்

ஒவ்வொரு அலைவரிசையும் சேனல் என்ற எண்ணிட்ட பாதைகளாகப் பிரிந்திருக்கிறது. இரண்டு பெட்டியும் ஒரே சேனலில் இருந்தால் ஒன்று பேசும்போது மற்றது வாய் மூடிக் காத்திருக்கும். 2.4இல் கீழே 1, மேலே 11, அகலம் இரண்டிலும் 20 மெகாஹெர்ட்ஸ். 40 வைத்தால் இருக்கிற இடத்தில் பாதிக்கு மேல் ஒருவரே அடைத்துக்கொள்வார். பக்கத்து வீடு 1இல் இருக்கிறது என்று 3க்குப் போகாதீர்கள். ஒரே சேனலில் இருந்தால் இருவரும் முறை வைத்துப் பேசுவார்கள், அரைகுறையாக மேலே விழுந்தால் ஒருவருக்கொருவர் வெறும் இரைச்சல். 1, 6, 11 தவிர வேறு வேண்டாம்.

5இல் கீழே 36, மேலே 149, அகலம் 80. நடுவில் 52 முதல் 144 வரை ரேடாரோடு பங்கிடும் சேனல்கள். இந்தியாவில் 2018 அக்டோபர் அறிவிப்புக்குப் பிறகு வீட்டு வைஃபைக்குத் திறந்துவிடப்பட்டவை, கூட்டம் குறைவு. ஆனால் பெட்டி அங்கே தொடங்கும் முன் 60 நொடி காது கொடுத்துக் கேட்க வேண்டும், ரேடார் சத்தம் கேட்டால் உடனே இடம் மாற வேண்டும். மீட்டிங் நடுவே எல்லாரும் ஒரே நேரத்தில் அறுந்து, பிறகு தானே திரும்பி வந்தால் இதைச் சந்தேகியுங்கள். அடுக்குமாடியில் 36இலும் 149இலும் பத்து வீடு இருந்தால் 100ஐ முயன்று பார்க்கலாம், தனி வீட்டுக்கு அவசியமில்லை.

ரூட்டரின் பின்னால் யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க் சொருகியிருந்தால் 2.4இல் இரைச்சல் ஏறும். டிஸ்க்கை ஒரு மீட்டர் தள்ளி வைக்கவும்.

ஜூன் 23, இரவு 11.00 / வாடகை வீட்டுக்காரர்

பைப்பும் இல்லை, துளை போட ஓனர் விடமாட்டார். ஒயர் இல்லாம ஒண்ணோடொண்ணு பேசுற வைஃபை பெட்டிகள், அந்த மெஷ்தானே எனக்கு வழி?

ஜூன் 24, காலை 6.30

ஆமாம், ஆனால் வைக்கும் இடம் மாற வேண்டும். சிக்னல் இல்லாத அறையில் வைக்காதீர்கள், பாதி வழியில் வையுங்கள். முதல் பெட்டியின் 5 கிகாஹெர்ட்ஸ் −65க்குக் குறையாமல் கிடைக்கும் கடைசி இடம் எதுவோ அது. மாடி வீடென்றால் படிக்கட்டுத் திருப்பம் பெரும்பாலும் சரியாக அமையும், அங்கே தளத்தில் திறப்பு இருக்கிறது.

இரண்டு ரேடியோ மட்டும் உள்ள மெஷ்ஷில், வாங்கிய பேச்சை அதே சேனலில் திருப்பிச் சொல்ல வேண்டியிருப்பதால் வேகம் பாதியாகும். 867 என்று காட்டும் இணைப்பில் நிஜமாக 400 முதல் 500 வரும், ஒரு தாவலுக்குப் பின் 200 சொச்சம். 100 எம்பிபிஎஸ் பிளானுக்கு இது தாராளம். அதற்கு மேல் இன்னொரு தாவல் வேண்டாம்.

துளை இல்லாமலும் ஒயர் போகும். தட்டை கேட்-6 ஒயர் கதவு நிலையின் ஓரமாக ஒட்டிப் போகும். 15 மீட்டருக்குள் கிகாபிட் சிக்கலின்றி ஓடும். கதவு நசுக்காத மூலையாகப் பாருங்கள்.

ஜூன் 26, மாலை 4.45 / கரண்ட் போனால்

கீழ்ப் பெட்டிக்கு மட்டும் பேக்கப் வைத்துவிட்டு மாடியில் நெட் இல்லை என்று தேடுவது வழக்கமாக நடக்கிறது. மேல் பெட்டிக்கும் கரண்ட் வேண்டும்.

12 வோல்ட் மினி யுபிஎஸ் வாங்குபவர்கள் கணக்கு போட்டு வாங்குங்கள். 10,400 மில்லி ஆம்பியர் ஹவர் என்று போட்டிருப்பது 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. 10.4ஐ 3.7ஆல் பெருக்கினால் 38 வாட் ஹவர், மாற்றும் இழப்பு போக 32. ஃபைபர் பெட்டி 7 வாட், வைஃபை பெட்டி 9 வாட் என்றால் இரண்டு மணி நேரம். அடாப்டரின் வோல்ட்டும் முனையின் பிளஸ்-மைனஸும் ஒத்துப்போக வேண்டும். 9 வோல்ட் பெட்டியில் 12 வோல்ட்டைச் சொருகினால் போய்விடும்.

மேல் பெட்டி பிஓஇ (நெட் ஒயரிலேயே கரண்ட் வாங்கும் முறை) ஏற்கும் மாடல் என்றால் கீழே ஒரே யுபிஎஸ்ஸிலிருந்து அதே கேட்-6 ஒயரில் கரண்டும் ஏறும். 802.3 ஏஎஃப் வகை 15.4 வாட் அனுப்பும், மறுமுனைக்கு 12.95 உறுதி. 24 வோல்ட் ‘பாசிவ்’ வகை கேட்காமலேயே கரண்டை அனுப்பும், இரண்டையும் கலந்தால் பெட்டி கருகும். சிசிஏ ஒயரில் பிஓஇ ஓட்டவே கூடாது, சூடாகும்.

ஜூன் 27, காலை 9.10 / வயரிங் வேலை செய்பவர்

ஐப்பசி கார்த்திகை வர்றதுக்குள்ள இன்னொண்ணும் பார்த்துடுங்க தம்பி. அந்த டிஷ் பைப்பில் மொட்டை மாடி வரைக்கும் பழைய ஒயர் மிச்சம் தொங்குதா? தொங்கினா உருவி எடுத்துடுங்க, பைப் வாயை அடைச்சிடுங்க. இடி இறங்கினா அது வழியாத்தான் ஹாலுக்கு வரும், மழைத் தண்ணியும் வரும்.

ஜூன் 27, காலை 11.40

இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். மொட்டை மாடி கேமராவுக்கோ, பக்கத்து வீட்டு அண்ணன் தம்பிக்கோ செம்பு ஒயரில் நெட் கொடுக்காதீர்கள். இரண்டு கட்டடத்தின் எர்த்தும் சமமாக இருக்காது, பக்கத்தில் இடி விழுந்தால் அந்த வித்தியாசம் முழுதும் உங்கள் போர்ட் வழியே பாயும். ஒரு ஜோடி மீடியா கன்வர்ட்டரும் (செம்பு ஒயரை ஃபைபருக்கு மாற்றும் பெட்டி) ஃபைபரும் போட்டால் மின்சாரம் கடக்க வழியில்லை. வெளியிலிருந்து வரும் ஃபைபர் ஒயரிலும் தாங்கு கம்பியாக எஃகு இருக்கும், வீட்டுச் சுவருக்கு வெளியிலேயே அதைப் பிரித்து வெட்டிவிடச் சொல்லுங்கள். சுவர்த் துளை வெளிப்பக்கம் சரிவாக இருக்கட்டும், ஒயர் நுழையும் முன் கீழே ஒரு தொங்கல் விட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

ஜூன் 29, இரவு 8.20 / கேள்வி கேட்டவர்

பழைய ஒயரை உருவியாச்சு, பைப்புக்கு மூடி போட்டாச்சு. அந்த ரிப்பீட்டரை என்ன செய்ய?

ஜூன் 29, இரவு 8.45

அதன் அடியில் ஒரு லேன் போர்ட் இருக்கும், 100தான். செட்டிங்கில் ரிப்பீட்டரை அக்சஸ் பாயின்ட்டாக மாற்ற முடிகிறதா பாருங்கள். முடிந்தால் ஹால் ஜன்னல் ஓரமாக ஒரு ஒயர் விட்டு, மழை படாத இடத்தில் போர்ட்டிகோவில் மாட்டுங்கள், 2.4 மட்டும், சேனல் 6, பவர் லோ. வாசல் கேமராவுக்கும் காலிங் பெல்லுக்கும் அது தாராளம்.